ஏவலும் இயந்திரமும்: மக்கின்ரோஷ் கணினியில் தன்னியக்கம் வளர்ந்த வரலாறு

ஏவல் வினை முன்னிலைக்கு உரியது என்பர் இலக்கண நூலார். ஏவுவோன் ஒருவன், ஏவப்படுவோன் ஒருவன், இருவர்க்கும் பொதுவாகிய மொழி ஒன்று ஆகிய மூன்றும் கூடியவிடத்தே ஏவல் நிகழும். இவற்றுள் ஒன்று குறையினும் அது வெற்றொலியாய்க் கழியும். இவ்வுண்மையை மனத்திற்கொண்டு நோக்குவார்க்குக் கணினியின் வரலாற்றிற் பெரும்பகுதி ஏவலின் வரலாறாகவே காணப்படும். இயந்திரத்தை ஏவுதற்கு உரியோர் யாவர்? எம்மொழியில் ஏவுவது? அவ்வுரிமையை அளிப்போரும் மீட்போரும் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, அமெரிக்காவின் கலிபோர்ணிய மாநிலத்து அப்பிள் நிறுவனம் 1984 ஆம் ஆண்டு முதலாக ஆக்கிவரும் மக்கின்ரோஷ் கணினியின் வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். பொதுமக்கள் கையாளுதற்கென்றே ஆக்கப்பட்ட அக்கணினியில், பொதுமக்களே செய்நிரல் எழுதுதலும் கூடுமா என்னும் வினா நாற்பது ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது.

தன்னியக்கம் என்பது யாது? ஓராசிரியர் முந்நூறு மாணவரின் பெயர்களையும் புள்ளிகளையும் அட்டவணையொன்றிலிருந்து எடுத்து, முந்நூறு தேர்ச்சியறிக்கைகளில் நிரப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக்கி, வகுப்பு வாரியாக வெவ்வேறு கோப்புறைகளில் இடவேண்டியிருக்கிறது எனக் கொள்வோம். கையாற் செய்யின் அது பல நாள் வேலை; இடையே பிழைகளும் புகும். அவ்வேலையின் படிகளை ஒருமுறை ஒழுங்காக எழுதிக் கணினியிடம் ஒப்படைத்தால் அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். எழுதுதல், கணக்கிடுதல், படந்திருத்தல் முதலிய தொழில்களைத் தனித்தனியே செய்யும் மென்பொருள்களைச் செயலிகள் என்கிறோம். பல செயலிகளுக்கிடையே நிகழும் வேலையை, எழுதிவைத்த கட்டளைகளின்படி கணினி தானே செய்யுமாறு அமைத்தலே ஈண்டுத் தன்னியக்கம் எனப்படுவது. அதற்கென எழுதப்படும் சிறு செய்நிரலைக் கட்டளைத்தொடர் எனலாம்.

சுட்டலும் சொல்லலும்

மக்கின்ரோஷ் தோன்றுதற்கு முன்னரும் கணினிகளில் ஏவல் இருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969 இல் தொடங்கப்பெற்ற யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில், பயன்படுத்துவோர் ஒவ்வொரு கட்டளையையும் எழுத்தாலே தட்டச்சுச் செய்வர். ஒரு சிறு கருவியின் வெளியீட்டை மற்றொரு சிறு கருவிக்கு உள்ளீடாகச் செலுத்தும் ‘குழாய்’ என்னும் அமைப்பு, டக்ளஸ் மக்கில்றோய் என்பாரின் கருத்தைத் தழுவி 1973 இல் கென் தொம்சன் என்பாரால் அம்முறைமையிற் சேர்க்கப்பட்டது. எழுத்தில் அமைந்த கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்தால் அவையே கட்டளைத்தொடராகும். ஆகவே அங்கே ஏவுதலுக்கும் தன்னியக்கத்துக்கும் இடையே வேலி இருந்ததில்லை. ஆயினும் அவ்வெழுத்துக்கள் பயிற்சி பெற்றோர்க்கே விளங்குவன.

1984 ஆம் ஆண்டு ஜனவரி 24 ஆம் நாள் அறிமுகஞ் செய்யப்பட்ட மக்கின்ரோஷ் இந்நிலையைத் தலைகீழாக மாற்றியது. 128 கிலோபைற்று நினைவகங் கொண்டு 2,495 டொலர் விலைக்கு விற்கப்பட்ட அக்கணினியின் திரையிலே கட்டளை எழுதும் வரி இல்லை. சிறு படங்களைச் சுட்டியாற் சுட்டி, பட்டிகளிலிருந்து வேண்டியதைத் தெரிதலே அதனைக் கையாளும் முறை. மக்கள் பழைய பழக்கத்துக்குத் திரும்பாதிருத்தற்பொருட்டு அதன் முதல் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளும் வேண்டுமென்றே விடப்பட்டன.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. கணினியைக் கண்டறியாதோரும் ஒருநாளிற் கையாளக் கற்றனர். ஆனால் அந்நன்மையோடு இழப்பு ஒன்றும் வந்தது. சுட்டிக் காட்டியது அக்கணத்தோடு கழியும். சொல்லி எழுதியது நிலைபெறும். நூறு கோப்புக்களுக்குப் பெயர் மாற்றவேண்டியவர் நூறு தடவை சுட்டவேண்டியவரானார். இக்குறையைப் போக்க, கையின் அசைவுகளைப் பதிந்து மீள நிகழ்த்தும் கருவிகள் எழுந்தன. குவிக்கீஸ் என்னும் மென்பொருளும், 1988 இல் ஆறாம் முறைமையோடு அப்பிள் நிறுவனமே வழங்கிய மக்ரோமேக்கரும் அத்தகையன. இவை கிளிப்பிள்ளை போன்றவை. விசையழுத்தங்களைத் திரும்ப நிகழ்த்துவனவன்றி, அவற்றின் பொருளை அறிவனவல்ல. திரையில் ஒரு சாளரம் சற்றே இடம்பெயர்ந்திருந்தால் அவற்றின் வேலை பிழைத்துப்போகும். பொருளறிந்து கேட்கும் இயந்திரத்துக்கு வேறொரு வழி வேண்டியிருந்தது.

அட்டையடுக்கு தந்த விடுதலை

அவ்வழியை முதலில் திறந்தவர் பில் அற்கின்சன். மக்கின்ரோஷின் திரையில் உருவங்களை வரையும் அடிப்படைச் செய்நிரலையும், மக்பெயின்ற் என்னும் ஓவியச் செயலியையும் ஆக்கியவர் அவரே. 1987 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் பொஸ்ரன் நகரில் அவருடைய ஹைப்பர்காட் வெளியிடப்பட்டது. திரையில் ஓர் அட்டை. அட்டைகள் பல சேர்ந்து ஓர் அடுக்கு. அட்டையிலே எழுத்தும் படமும் பொத்தான்களும். பொத்தானை அழுத்தினால் நிகழவேண்டியதைக் கூறும் கட்டளைத்தொடர். இத்துணை எளிய அமைப்பே ஹைப்பர்காட். அதன் கட்டளை மொழியாகிய ஹைப்பர்ரோக்கை வகுத்தவர் டான் விங்க்லர். ‘அடுத்த அட்டைக்குச் செல்’, ‘இதனை அதனுள் இடு’ என்றாற்போலப் பேச்சு ஆங்கிலத்தை ஒட்டி அமைந்த ஏவல்களால் ஆயது அம்மொழி.

ஈண்டு நோக்கற்பாலது ஹைப்பர்காட் பயன்படுத்துவோரை ஐந்து படிகளாக வகுத்த முறை. பார்த்தல், எழுதுதல், வரைதல், அமைத்தல், கட்டளைத்தொடர் ஆக்கல் என்பன அவ்வைந்து படிகள். முதற்படியில் நிற்பவர் வாசகர்; ஐந்தாம் படியை எய்தியவர் ஆக்குநர். இரண்டுக்கும் இடையே மதிலன்று, படிக்கட்டே இருந்தது. புதிய மக்கின்ரோஷ் வாங்குவோர் அனைவர்க்கும் இம்மென்பொருள் இலவசமாகச் சேர்த்து வழங்கப்படவேண்டும் என்பது அற்கின்சனின் வேண்டுகோளாக இருந்தது. அவ்வாறே வழங்கவும் பட்டது. ஆசிரியர்கள் பாடங்களை அட்டைகளாக்கினர். வணிகர் தம் சரக்குப் பட்டியலை அடுக்கினர். செய்நிரலாக்கத்தை முறையாகக் கல்லாத பலர் தம்மை அறியாமலே செய்நிரலாளராயினர். 1993 இல் வெளிவந்து உலகெங்கும் பெயர்பெற்ற மிஸ்ற் என்னும் கணினி விளையாட்டும், ராண்ட் மில்லர், ரொபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார் இருவரால் ஹைப்பர்காட்டிலேயே ஆக்கப்பட்டது.

எனினும் அதன் பிற்காலம் இரங்கத்தக்கது. ஹைப்பர்காட் பின்னர் கிளாரிஸ் என்னும் துணை நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது; ஆக்குவோர்க்குரிய முழுப்பதிப்பு தனியே விலைக்குரியதாயிற்று. 2001 இல் வந்த புதிய பணிசெயல் முறைமைக்கு அது மாற்றி எழுதப்படவேயில்லை. 2004 ஆம் ஆண்டு அதன் விற்பனையும் நின்றது. எண்ணற்ற ஆசிரியரும் மாணவரும் ஆக்கிய அட்டையடுக்குக்கள், அவற்றைத் திறக்கும் கருவியின்றி அடைபட்ட ஏடுகளாயின. அற்கின்சன் 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதம் காலமானபோது அவருடைய ஆக்கங்களுள் ஹைப்பர்காட்டையே பலர் முதன்மையாக நினைவுகூர்ந்தனர். பிறருடைய நிலத்திற் கட்டிய வீட்டின் ஆயுள் நிலவுடைமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது என்னும் பாடத்தை அதன் முடிவு புகட்டிற்று.

செயலிகளின் உரையாடல்

ஹைப்பர்காட் தன் எல்லைக்குள்ளே ஆட்சி செலுத்தியது. பிற செயலிகளை ஏவுதற்கோ அவை யாவும் உடன்படும் பொதுவழி ஒன்று தேவைப்பட்டது. 1991 ஆம் ஆண்டு மே மாதம் வந்த ஏழாம் முறைமை அவ்வழியை அமைத்தது. ஒரு செயலி மற்றொரு செயலிக்கு ‘இக்கோப்பைத் திற’, ‘இப்பந்தியின் மூன்றாஞ் சொல்லைத் தா’ என்றவாறு செய்தி விடுத்தற்கு வகுக்கப்பட்ட அம்முறை அப்பிள் நிகழ்வுகள் எனப்பட்டது. கிளிப்பிள்ளைக் கருவிகளுக்கும் இதற்குமுள்ள வேற்றுமை பெரிது. அவை விசையழுத்தத்தைக் கடத்தின. இது பொருளைக் கடத்தியது.

வழி அமைந்தபின் அதனூடு செல்லும் மொழி வேண்டுமன்றோ? அப்பிள் நிறுவனம் தன் மொழியை ஆக்கிக்கொண்டிருந்த காலத்தில் வேறொருவர் முந்திக்கொண்டார். யூசர்லாண்ட் நிறுவனத்தின் டேவ் வைனர் 1992 இல் புறொன்ரியர் என்னும் கட்டளைத்தொடர்க் கருவியை வெளியிட்டார். அப்பிள் நிறுவனத்தின் அப்பிள்ஸ்கிரிப்ற் 1993 ஆம் ஆண்டில் வந்தது. அதனை ஆக்கிய குழுவை வழிநடத்தியவர்களுள் முதன்மையானவர் வில்லியம் குக் என்னும் கணினி அறிஞர்.

அப்பிள்ஸ்கிரிப்றின் அமைப்பில் தமிழ் மாணவர்க்குச் சுவையான செய்தி ஒன்றுண்டு. அம்மொழிக்கெனச் சொந்தமாக உள்ள சொற்கள் மிகச் சில. ஒவ்வொரு செயலியும் தான் அறிந்த பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் ஓர் அகராதியாக வெளியிடும். அஞ்சற் செயலியின் அகராதியில் ‘செய்தி’, ‘பெறுநர்’ என்பன பெயர்கள். ‘அனுப்பு’ என்பது வினை. கோப்புக்களை ஆளும் செயலியின் அகராதியில் ‘கோப்புறை’ பெயர், ‘நகர்த்து’ வினை. எழுதுவோர் முதலில் ‘இச்செயலிக்குச் சொல்’ என முன்னிலையைக் குறித்து, பின்னர் அச்செயலியின் அகராதிச் சொற்களாலே ஏவல் வாக்கியங்களை அமைப்பர். முன்னிலையின்றி ஏவல் இல்லை என்னும் இலக்கண விதி இயந்திரத்துக்கும் பொருந்திய விதம் இது.

மொழியினும் பெரிய பரிசோதனை

அப்பிள்ஸ்கிரிப்றை ஆக்கியோரின் நோக்கம் ஆங்கிலத்தோடு நின்றதன்று. எழுதப்பட்ட கட்டளைத்தொடர் கணினியில் எழுத்துக்களாகவன்றி, அவ்வெழுத்துக்களின் பொருளமைப்பாகவே சேமிக்கப்பட்டது. ஆதலின் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியதை மற்றொருவர் பிரெஞ்சு மொழியிலோ யப்பானிய மொழியிலோ திறந்து வாசித்தல் கூடும் என எண்ணினர். அவ்விரு மொழிகளுக்கும் கிளைவழக்குகள் உண்மையாகவே ஆக்கப்பட்டன. ‘தடித்த எழுத்தில் அமைந்த ஒவ்வொரு சொல்லினதும் முதலெழுத்து’ என்னும் தொடரைக் கருதுக. ஆங்கிலம் முதலெழுத்திலிருந்து தொடங்கித் தடித்த எழுத்தில் முடிக்கும். யப்பானியமோ தமிழைப்போல அடைகளை முன்னே கூறிப் பெயரைப் பின்னே நிறுத்தும். ஒரே ஏவல் இருவேறு சொற்கிடக்கைகளில் ஒலித்தும், இயந்திரத்துக்கு ஒரே பொருளைத் தருமாறு அவர்கள் அமைத்தனர். தமிழுக்கு அத்தகைய கிளைவழக்கு தோன்றவில்லையாயினும், தமிழின் சொற்கிடக்கையிலும் கணினியை ஏவுதல் இயலும் என்பதற்கு அம்முயற்சியே சான்றாகும்.

முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. பிறமொழிக் கிளைவழக்குகள் பின்னர்க் கைவிடப்பட்டன. ஆங்கில வடிவமும் எதிர்பாராத இடர்ப்பாட்டைத் தந்தது. பேச்சு மொழியைப் போன்ற கட்டளைத்தொடரை வாசித்தல் எளிது; எழுதுதலோ கடினம். மனிதர் ஒரு கருத்தைப் பத்து விதமாகக் கூறலாம். அப்பத்தும் மனிதர்க்கு விளங்கும். இயந்திரம் அவற்றுள் ஒன்றையோ இரண்டையோ ஏற்கும். எஞ்சியவற்றைப் பிழையெனத் தள்ளும். எது ஏற்கப்படும், எது தள்ளப்படும் என்பதைத் தோற்றத்தைக்கொண்டு அறிதல் அரிது. கடுமையான குறியீட்டு மொழியைக் கற்பவர் விதிகளைக் கற்கிறோம் என்னும் விழிப்போடு கற்பர். தமக்குத் தெரிந்த மொழிபோலத் தோன்றும் ஒன்றைக் கற்பவரோ ஏமாற்றம் அடைவர். வில்லியம் குக் 2007 இல் இம்மொழியின் வரலாற்றை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், இயற்கை மொழியைப் போல ஒரு கட்டளை மொழியை ஆக்கும் பரிசோதனை வெற்றி பெறவில்லை என்று தாமே ஒப்புக்கொண்டமை அறிஞர்க்குரிய நேர்மையாகும்.

வெற்றி பெறாத அம்மொழி அழியாமல் நின்றதற்குக் காரணம் அதன் இனிமையன்று, அதனாற் கிடைத்த பயனேயாம். செய்தித்தாள், சஞ்சிகை, விலைப்பட்டியல் ஆகியவற்றை அச்சிட்டு வெளியிடும் தொழிலில் மக்கின்ரோஷ் பெரிதும் வழங்கிற்று. பக்கங்களை அமைக்கும் குவார்க் எக்ஸ்பிரஸ் என்னும் செயலி அப்பிள்ஸ்கிரிப்றின் ஏவலைக் கேட்கும் இயல்புடையது. தரவுத்தளத்திலிருந்து பொருள்களின் பெயரையும் விலையையும் எடுத்து, உரிய படத்தைச் சேர்த்து, பக்கம் பக்கமாக அமைக்கும் வேலையைக் கட்டளைத்தொடர்களே செய்தன. அத்தொழிலுக்குக் காலமே பணம். அப்பிள் நிறுவனம் நலிவுற்றுத் தடுமாறிய 1990 களின் பிற்பகுதியிலும், இம்மொழியை நம்பித் தொழில் நடத்திய பதிப்பகத்தாரின் ஆதரவு அதற்கு ஊன்றுகோலாயிற்று.

இரு மரபுகளின் கூட்டம்

1996 ஆம் ஆண்டின் இறுதியில் நெக்ஸ்ற் நிறுவனத்தை வாங்கும் முடிவை அப்பிள் அறிவித்தது. அதனோடு ஸ்டீவ் ஜொப்ஸ் அப்பிளுக்கு மீண்டார்; நெக்ஸ்றின் யுனிக்ஸ் வழிப்பட்ட முறைமையும் உடன்வந்தது. அதிலிருந்து உருவான மக் ஓஎஸ் எக்ஸ் 2001 ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் திரையிலிருந்து நீக்கப்பட்ட கட்டளைவரி, இப்போது ரேர்மினல் என்னும் சாளரத்தினூடே திரும்பி வந்தது. அப்பிள்ஸ்கிரிப்றினுள்ளே யுனிக்ஸ் கட்டளையை அழைக்கவும், யுனிக்ஸ் கட்டளைகளிலிருந்து அப்பிள்ஸ்கிரிப்றை அழைக்கவும் வழி செய்யப்பட்டது. சுட்டும் மரபும் சொல்லும் மரபும் ஒரே இயந்திரத்தில் கூடிய காலம் இது.

2005 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ரைகர் எனப் பெயரிய பதிப்போடு ஓட்டோமேற்றர் வந்தது. இதிலே எழுதவேண்டிய மொழி எதுவும் இல்லை. ‘கோப்புக்களைத் தெரி’, ‘படங்களின் அளவைக் குறை’, ‘புதிய பெயரிடு’ என்பன போன்ற செயற்கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் போதும்; ஒரு கட்டத்தின் விளைவு அடுத்த கட்டத்துக்கு உள்ளீடாகச் செல்லும். ஓட்டோ எனப்படும் சிறு இயந்திர மனிதன் கையிற் குழாய் ஒன்றை ஏந்தி நிற்பதே இச்செயலியின் சின்னமாகும். யுனிக்ஸ் மரபின் பழைய குழாயை அது நினைவூட்டுகின்றது. 1997 முதல் அப்பிளில் தன்னியக்கப் பிரிவின் பொறுப்பாளராக விளங்கிய சால் சொகோயன் என்பார் இக்கருவிகளைப் பொதுமக்களிடையே பரப்புவதில் ஓயாது உழைத்தவர்.

அக்காலத்தில் பிறரும் வாளாவிருக்கவில்லை. சில எழுத்துக்களைத் தட்டிய மாத்திரத்தே வேண்டிய செயலியையோ கோப்பையோ திறக்கும் குவிக்சில்வர் 2003 இலும், அதே துறையில் அல்பிரட் 2010 இலும் தோன்றின. அடிக்கடி எழுதவேண்டிய தொடர்களைச் சுருக்கெழுத்திலிருந்து விரித்துத் தரும் ரெக்ஸ்ற் எக்ஸ்பாண்டர் 2006 இல் வந்தது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தவராகிய பீற்றர் லூயிஸ் 2004 இற் பொறுப்பேற்ற கீபோட் மேஸ்ற்றோ, பழைய விசைப்பதிவுக் கருவிகளின் மரபை வளர்த்து, நிபந்தனைகளையும் அறியவல்லதாக ஆக்கிற்று.

கட்டளைத்தொடர்கள் எவ்வாறு முழுச் செயலியாக வளர்ந்தன என்பதற்குச் சான்று ஒன்று கூறலாம். கடமைகளைப் பட்டியலிட்டு ஒழுங்குசெய்தற்பொருட்டு, ஒம்னி அவுற்லைனர் என்னும் குறிப்பெழுதும் செயலியின்மீது ஈதன் சூனோவர் என்பார் கிங்க்லெஸ் என்னும் அப்பிள்ஸ்கிரிப்ற் தொகுதியை ஆக்கினார். அதனைப் பலர் விரும்பிக் கையாண்டனர். அத்தொகுதியின் கருத்துக்களை அடிப்படையாகக் கொண்டே ஒம்னி நிறுவனம் ஒம்னி போக்கஸ் என்னும் தனிச் செயலியை உருவாக்கி 2008 இல் வெளியிட்டது. பயன்படுத்துவோர் தம் தேவைக்கு எழுதியது ஆக்குவோர்க்கு வழிகாட்டியாயிற்று.

காவலும் உரிமையும்

ஏவும் ஆற்றல் நல்லோர்க்கு மட்டுமே வாய்ப்பதன்று. 2000 ஆம் ஆண்டு மே மாதம் விண்டோஸ் கணினிகளில் மின்னஞ்சல் வழியே பரவி உலகைக் கலக்கிய ‘ஐ லவ் யூ’ என்னும் நச்சுநிரல், விசுவல் பேசிக் ஸ்கிரிப்ற் மொழியில் எழுதப்பட்ட கட்டளைத்தொடரே. பயன்படுத்துவோருக்கு ஊழியஞ் செய்யுமாறு அமைந்த வாயில், பகைவனுக்கும் திறந்திருந்தது. இதனையொத்த அச்சங்களினால் அப்பிளும் காவலைப் பெருக்கிற்று. தன் விற்பனைக்கூடத்தின் வழி வரும் புதிய செயலிகள் வேலியிட்ட எல்லைக்குள்ளேயே இயங்கவேண்டும் என்னும் விதியை 2012 ஆம் ஆண்டு ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியது. 2018 இன் மொஹாவே பதிப்பு முதலாக, ஒரு செயலி மற்றொன்றை ஏவ முற்படும்போது கணினி உரிமையாளரின் ஒப்புதலைக் கேட்கலாயிற்று. இக்காவல் வேண்டத்தக்கதே. எனினும் ஒவ்வொரு பூட்டும் கள்வனைத் தடுப்பதோடு வீட்டுக்காரனையும் சற்றே தாமதப்படுத்துகின்றது என்பதும் உண்மை.

2016 ஆம் ஆண்டு நவம்பரில் சால் சொகோயனின் பதவி நீக்கப்பட்ட செய்தி வெளியானபோது, தன்னியக்கத்தை நம்பியிருந்தோர் பெரிதும் கவலையுற்றனர். ஹைப்பர்காட்டின் முடிவு அவர்கள் நினைவில் இருந்தது. 2022 இல் மக் ஓஎஸ் 12.3 பதிப்பிலிருந்து, முறைமையோடு நெடுங்காலம் வழங்கப்பட்டுவந்த பைதன் 2.7 மொழி நீக்கப்பட்டது. அதன்மேற் கட்டப்பட்ட கட்டளைத்தொடர்களை உடையோர் அவற்றைத் திருத்தியெழுத வேண்டியவராயினர்.

ஆயினும் புதிய முளை வேறோரிடத்தில் தோன்றியிருந்தது. கைபேசிக்கென இளைஞர் சிலர் ஆக்கி 2014 ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட வேர்க்புளோ என்னும் செயலி, ஓட்டோமேற்றரைப் போலவே செயற்கட்டங்களை அடுக்கும் முறையிலானது. அதனை 2017 ஆம் ஆண்டு மார்ச்சில் அப்பிள் வாங்கிற்று. 2018 இல் ஷோட்கற்ஸ் என்னும் பெயரோடு ஐபோனுக்கு வழங்கிற்று. 2021 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மொன்ரெறே பதிப்போடு அது மக்கின்ரோஷுக்கும் வந்தது. பழைய ஓட்டோமேற்றர் தொடர்களை அது ஏற்றுக்கொள்ளும். அப்பிள்ஸ்கிரிப்றையும் யுனிக்ஸ் கட்டளைகளையும் தன்னுள் அழைக்கும். குறையொன்றுண்டு: கட்டங்களால் அமைந்த அதனை எழுத்துப்போல ஒரே பார்வையில் வாசித்தலும், தாளிற் பெயர்த்துப் பிறர்க்கு அளித்தலும் எளிதல்ல.

2025 ஆம் ஆண்டின் ராஹோ பதிப்பில், குறித்த நேரத்திலோ கோப்புறையொன்றில் மாற்றம் நேர்ந்தபோதோ ஷோட்கற்ஸ் தானே இயங்கும் வசதி மக்கின்ரோஷுக்குக் கிடைத்தது. செயற்கட்டங்களின் நடுவே செயற்கை அறிவு மாதிரியை அழைத்து, இயல்பான வாக்கியத்தால் அதனை ஏவும் வழியும் சேர்க்கப்பட்டது. 1993 இல் அப்பிள்ஸ்கிரிப்றை ஆக்கியோர் கண்ட கனவு, முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின் வேறொரு வடிவில் மீண்டும் எழுந்துள்ளது.

வரலாறு கற்பிப்பது

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலப்படும்.

முதலாவது, கருவிகள் தோன்றி மறைவன. வேலையைப் படிகளாகப் பகுத்துணரும் ஆற்றலே நிலைபெறுவது. ஹைப்பர்காட்டிற் கற்றவர் அப்பிள்ஸ்கிரிப்றிலும், அதிற் கற்றவர் ஓட்டோமேற்றரிலும், அதிற் கற்றவர் ஷோட்கற்ஸிலும் எளிதிற் புகுந்தனர். எது முதற்படி, எது அடுத்த படி, எந்நிபந்தனையில் எவ்வழி, எங்கே நிறுத்துவது என்று சிந்திக்கும் பயிற்சியே அவர்கள் உடன்கொண்டு சென்ற செல்வம்.

இரண்டாவது, ஏவும் உரிமை ஒருமுறை பெற்றால் என்றும் நிலைப்பதன்று. அது நிறுவனங்களின் கணக்கில் ஒரு செலவாகக் காணப்படும்போது குறைக்கப்படும். பயன்படுத்துவோர் அதனை உண்மையாகவே கையாண்டு, வேண்டுமெனக் கேட்கும்போது காக்கப்படும். ஹைப்பர்காட் மறைந்தமையும் அப்பிள்ஸ்கிரிப்ற் முப்பதாண்டுகளைக் கடந்து இன்றும் முறைமையோடு வழங்கப்படுதலும் இதற்குச் சான்று.

மூன்றாவது, இயல்பான மொழியால் ஏவுதல் எத்துணை எளிதாயினும், ஏவியதைச் சரிபார்க்கும் அறிவு அதனால் தேவையற்றதாகிவிடாது. செயற்கை அறிவிடம் ‘இப்புள்ளிகளைத் தொகுத்துத் தா’ என்பவர்க்கு ஒரு விடை கிடைக்கும். அவ்விடை எவ்வழியால் வந்தது என்பதை அவர் அறியார். கட்டளைத்தொடரிலோ ஒவ்வொரு படியும் கண்முன் நிற்கும். பிழையிருப்பின் இன்ன வரியிற் பிழை எனக் காட்டலாம். ஒரு மாணவனின் எதிர்காலம் தங்கியுள்ள புள்ளிகளை இயந்திரத்திடம் ஒப்படைப்போர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. குக்கின் குழுவினர் மொழியை மனிதனுக்கு அணுக்கமாக்க முயன்று, எழுதுதல் கடினம், வாசித்தல் எளிது என்னும் நிலையை எய்தினர். எழுதும் வேலையை இயந்திரமே செய்யத் தொடங்கியுள்ள இக்காலத்தில், அவர்கள் தோல்வியெனக் கருதியதன் ஒரு பாதி, அதாவது யாவரும் வாசித்தறியத்தக்க கட்டளைத்தொடர், மிகவும் வேண்டப்படுவதாகின்றது.

ஆகவே, கணினிக் கல்வி என்பது இன்ன பொத்தானை அழுத்துக என்னும் பயிற்சியோடு அமைந்துவிடலாகாது. ஹைப்பர்காட் வகுத்த ஐந்து படிகளை மீண்டும் நினைவுகூர்தல் தகும். பார்க்கும் படியில் நிற்கும் மாணவனுக்கு ஆக்கும் படி எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். அவர்கள் எல்லோரும் செய்நிரலாளராக வேண்டும் என்பதன்று. தம் சார்பில் இயந்திரம் செய்வது யாது என்பதை வாசித்தறிந்து, தவறெனின் நிறுத்தவும் திருத்தவும் வல்லவராதல் வேண்டும் என்பதே. ஏவுவோன், ஏவப்படுவது, பொதுமொழி என்னும் மூன்றனுள், ஏவப்படுவதை நிறுவனங்கள் ஆக்கித் தருகின்றன. மொழியும் ஆண்டுக்காண்டு புதிதாக வருகின்றது. ஏவுவோனை ஆக்கும் பொறுப்பு மட்டும் அன்றும் இன்றும் பள்ளிக்கூடத்தையே சார்ந்துள்ளது.